ஓடாத எஸ்பாடாவை ஓடவைத்து விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி: அப்பா மெட்ராஸில் மருத்துவம் படித்துவிட்டு 1970களில் இங்கிலாந்து வந்தவர். 1984இல் பழைய லம்போர்கினி எஸ்பாடா ஒன்றை வாங்கினார். 1973 மாடல், வலது பக்க ஸ்டீயரிங். 1999இல் கிளட்ச் தகராறு என்று கராஜில் நிறுத்தியவர் அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. போன நவம்பரில் தவறிவிட்டார். வீட்டை விற்கப் போகிறோம், காரும் போயாக வேண்டும். பழுது பார்த்து விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்கிறான் தம்பி. புது பேட்டரியே வாங்கி வைத்துவிட்டான். இதற்கிடையில் ஒருவர் வந்து கராஜில் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் இறுகிப் போயிருக்கும், காயலான் கடை விலைதான்" என்று சொல்லி, கையோடு ரொக்கம் தருவதாக ஒரு தொகை சொன்னார். அம்மாவுக்கு அது போய்த் தொலைந்தால் போதும். என்ன செய்வது? — பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தம்பியிடமிருந்து அந்த பேட்டரியை வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கார்களை மதிப்பிடுவதும் விற்றுக் கொடுப்பதும்தான் என் தொழில். அதற்கு முன்னால் பல வருஷம் கையில் ஸ்பானரோடு காருக்கு அடியில் கிடந்தவன். கராஜில் தூங்குகிற காருக்குத் துருவும் எலியும் செய்கிற கேட்டைவிட, "சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியவர்கள் செய்த கேடுதான் நான் அதிகம் பார்த்தது. எஸ்பாடாவில் பன்னிரண்டு சிலிண்டர். அதற்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் ஆறு வெபர் கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்குத் தீனி போடும். அந்த ஆறுக்கும் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள் இத்தனை வருஷத்தில் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். விரலால் வளைத்தாலே விரிசல் விடும். பம்ப் அழுத்தம் கொடுத்ததும் பெட்ரோல் எங்கே பீய்ச்சும் என்று நினைத்துப் பாருங்கள். இதே காலத்து இத்தாலியக் கார் ஒன்றை, சொந்தக்காரரின் மருமகன் நல்லெண்ணத்தோடுதான் கிளப்பினார். பத்து வினாடி அழகாக ஓடியது. பதினோராவது வினாடியில் போனட் இடுக்கில் புகை. காரை வாசலில் தள்ளி வைத்திருந்ததால் வீடு தப்பியது.

டேங்கில் இருப்பது இன்னும் பழைய கதை. இங்கே ஈயம் கலந்த நாலு நட்சத்திரப் பெட்ரோலைப் பொது விற்பனையிலிருந்து நிறுத்தியது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில். உங்கள் அப்பா கடைசியாகப் போட்டது அந்தப் பெட்ரோலாகவே இருக்கலாம். இப்போது அது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். எஸ்பாடாவுக்குப் பின்பக்கம் இரண்டு டேங்க். இரண்டின் அடியிலும் கோந்தும் துருவும் படிந்திருக்கும். சாவியைத் திருப்பினால் அந்தக் கசடு முழுக்க கார்புரேட்டருக்குள் போய் உட்காரும்.

சரி, உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். எஸ்பாடாவை 1968 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகப்படுத்தினார்கள். வடிவமைத்தவர் பெர்டோனே என்ற இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தினி. லம்போர்கினியின் இன்னொரு காரான மியூராவும் அவர் கைதான். நாலு பெரியவர்கள் நிஜமாகவே காலை நீட்டி உட்கார்ந்து, நாள் முழுக்க வேகமாகப் போகலாம் என்பதுதான் அதன் விசேஷம். கிராண்ட் டூரர் (நெடுந்தூரம் சொகுசாகப் போகும் கார்) என்று பேர் வைத்துக்கொண்டு பின்சீட்டில் பெட்டியைத் தவிர வேறெதையும் வைக்க முடியாத கார்கள் எத்தனையோ உண்டு. 1978 வரை பத்து வருஷத்தில் கட்டியது மொத்தம் 1,217. அதில் முதல் வரிசை (சீரிஸ்) 186, இரண்டாவது 575, மூன்றாவது 456. நீங்கள் அனுப்பிய படத்தில் சக்கரத்தின் நடுவில் பெரிய ஒற்றைத் திருகு இல்லை, ஐந்து நட்டுகள் இருக்கின்றன. அது மூன்றாவது வரிசையின் அடையாளம். 1973 என்ற வருஷத்துக்கும் பொருந்துகிறது. 3,929 சிசி, தொழிற்சாலைக் கணக்கில் 350 குதிரைத்திறன். வலது பக்க ஸ்டீயரிங் கார்கள் இந்தத் தொகையில் சிறு பங்குதான். ஆனால் அதற்காகத் துள்ள வேண்டாம். அபூர்வம்தான், அதே சமயம் ஐரோப்பாவில் பாதிப் பேர் அதனாலேயே கையை எடுத்துவிடுவார்கள். உங்கள் சந்தை பெரும்பாலும் இந்த நாடு, கொஞ்சம் ஆஸ்திரேலியா.

இப்போது தம்பியின் கணக்கு. ஓடுகிற கார் ஓடாத காரைவிட அதிகம் விலைபோகும் என்பதில் தப்பில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செலவைத்தான் அவர் கணக்கில் எடுக்கவில்லை. எஸ்பாடாவின் இன்ஜினும் மியூராவின் இன்ஜினும் ஒரே குடும்பம், ஒரே அளவு. பிரித்துப் போட்டால் பன்னிரண்டு பிஸ்டன், வால்வுகளைத் திறந்து மூடும் நாலு கேம்ஷாஃப்ட், இருபத்து நாலு வால்வு. அதைத் திறந்து செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், இரண்டு காருக்கும் கூலி ஒன்றுதான். நல்ல மியூரா பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியும் விற்கிறது, அதனால் அந்தக் கூலியைத் தாங்கும். எஸ்பாடா அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் விற்கும், தாங்காது. இன்ஜினோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழேயும் துரு, நாலு இருக்கையின் தோல், கண்ணாடி, வயரிங் என்று ஒன்றைத் தொட்டால் ஒன்பது வரும். முழுதாகப் புதுப்பித்து விற்றவர்களில் போட்ட பணத்தை எடுத்தவர் அபூர்வம். அந்த வேலையைச் செய்கிறவர்கள் காரை வைத்துக்கொள்ளச் செய்கிறார்கள், விற்க அல்ல. அப்புறம், நல்ல பட்டறைகளில் வரிசை உண்டு. உங்களுக்கு வீடு காலியாக வேண்டியது மாதக் கணக்கில், அவர்கள் பேசுவது வருஷக் கணக்கில்.

அதனால் பழுது பார்க்காதீர்கள். ஆனால் இப்படியே தள்ளிவிடவும் வேண்டாம்.

ரொக்கத்தோடு வந்தவர் சொன்னதைக் கொஞ்சம் யோசியுங்கள். "இன்ஜின் இறுகிப் போயிருக்கும்." போனட்டைக்கூடத் திறக்காமல் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு இது. பொய் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். தெரியாததற்கு இந்தத் தொழிலில் ஒரே வழக்கம் உண்டு: இருப்பதிலேயே மோசமானதை வைத்து விலை போடுவது. இன்ஜின் சுற்றுமா தெரியாது, அப்படியானால் சுற்றாது. அடியில் துரு எவ்வளவு தெரியாது, அப்படியானால் முழுக்கத் துரு. ஏலத்தில் கை தூக்குகிறவரும் இப்படித்தான் கழிப்பார். உங்கள் காரின் விலையைத் தின்பது அதன் பழுது பாதி, இந்த இருட்டு பாதி. பழுதை நீக்க ஆயிரக்கணக்கில் வேண்டும். இருட்டை நீக்க ஒரு நல்ல ஆளின் சில நாள் கூலி போதும். நீங்கள் செலவு செய்ய வேண்டியது அங்கே மட்டும்தான்.

பழைய லம்போர்கினியில் பழகிய ஒருவரை வீட்டுக்கே வரவழையுங்கள். விற்றுத் தருகிறவர் அனுப்பும் ஆளாக இருக்க வேண்டாம், தனி ஆளாக இருக்கட்டும். அவர் பன்னிரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுவார். சின்னக் கேமராவை உள்ளே விட்டு சிலிண்டர் சுவரில் துரு இருக்கிறதா என்று படம் எடுப்பார். அப்புறம் இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்கில் ஸ்பானரை மாட்டிக் கையால், அவசரமில்லாமல், திருப்பிப் பார்ப்பார். ஸ்டார்ட்டர் மோட்டாரால் அல்ல, கையால். தடங்கல் இல்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்துவிட்டால், அந்த ஒரு வரிக்காகவே அவருக்குக் கொடுத்த கூலி திரும்பிவிடும். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி, ரப்பர் பெல்ட் அல்ல. அதனால் கையால் திருப்பும்போது மக்கிய பெல்ட் அறுந்து வால்வு வளையுமோ என்ற பயம் இல்லை. அதே வரவில் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, பிரேக் எந்தச் சக்கரத்தில் பிடித்திருக்கிறது, அடித்தளத்தில் எங்கே ஓட்டை, எங்கே முன்பு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் படத்தோடு எழுதி வாங்குங்கள். கெட்ட செய்தியையும் சேர்த்து. ஓட்டையின் படம் விலையைக் குறைக்கும் என்று தோன்றும். வாங்குபவர் மனத்தில் ஏற்கெனவே அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது.

இன்ஜின் சுற்றவில்லை என்றால்? அதையும் அப்படியே எழுதுங்கள். அதற்கு மேல் அடித்துத் திருப்ப யாரையும் விடாதீர்கள்.

அப்பா நிறுத்தியதற்குக் காரணம் கிளட்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம், எனக்கு நல்ல செய்தி. பலர் கொண்டுவரும் கார் ஏன் நின்றது என்பதே யாருக்கும் தெரியாது. கிளட்ச் தகராறு என்றால், இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் நின்றது என்று ஆகிறது. அதற்கு ஒரு கடிதமோ, பட்டறை பில்லோ, அப்பாவின் டைரியில் ஒரு வரியோ கிடைக்குமா பாருங்கள்.

கிடைக்குமா என்றேன். உண்மையில் இங்கேதான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும், தம்பி வேண்டுமானால் கூட நிற்கட்டும். வீட்டைக் காலி செய்யும்போது ஒரு துண்டுக் காகிதத்தையும் பார்க்காமல் எறியாதீர்கள். 1984இல் வாங்கிய ரசீது, எம்ஓடி என்ற வருஷாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் பழைய சான்றிதழ்கள் (ஒவ்வொன்றிலும் ஓடிய மைல் இருக்கும், வரிசையாக அடுக்கினால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வைக்கும் சாட்சி வேறு வேண்டாம்), பெட்ரோல் பில், காப்பீட்டுக் கடிதம், பழைய புகைப்படம். பரணில் அல்லது கராஜ் அலமாரியில் கருவிப் பை, ஜாக், காரோடு வந்த கையேடு, இரண்டாவது சாவி ஏதாவது இருக்கிறதா தேடுங்கள். கருவிப் பையைத் தனியாக வாங்கவே ஆட்கள் அலைகிறார்கள். யாராவது அதை மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். மூன்றாவது வரிசையின் பின்விளக்குகள் ஆல்ஃபா ரோமியோவுடையவை, தேடினால் கிடைக்கும். கண்ணாடியும் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பாகங்களும் அப்படியில்லை. ஒரு டப்பாவில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு கிடந்தாலும் அது காருடையதா என்று பார்த்துவிட்டு எறியுங்கள்.

முன்கண்ணாடியில், சாலை வரி கட்டியதற்கு அடையாளமான 1999இன் காகித வரி வில்லை இன்னும் ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். 2014 அக்டோபரோடு அந்த வில்லைகளே ஒழிந்துவிட்டன. அந்தச் சின்ன வட்டக் காகிதம், இந்தக் கார் எப்போது தூங்கப் போனது என்பதை யாரும் கேட்காமலே சொல்லும்.

தூசியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தூசியோடு விற்றால் விலை கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. சிலர் மாவு தூவாத குறையாக நடிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் தொழிலின் தொடக்கத்தில், ஏலத்துக்கு முந்தின நாள் ஒரு காரைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். வாங்கியவர் வந்து, "அந்தப் பழைய பெயின்ட்டை ஏன் தேய்த்தாய்?" என்று திட்டினார். அவர் சொன்னது சரி. முதலில் இருக்கிறபடி நிறையப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே எலிப் புழுக்கையை மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு அள்ளுங்கள். பாலிஷ், தோலுக்கு எண்ணெய், கறுப்பு டயர் பூச்சு எதுவும் வேண்டாம்.

காகித வேலை. லாக்புக் (காரின் பதிவுச் சான்று) அப்பா பெயரில் இருக்கும். வி5சி என்ற இப்போதைய லாக்புக் கிடைக்காவிட்டால் வி62 படிவம் அனுப்பி 25 பவுண்டுக்கு வாங்கலாம். சாலைக்கு வராத வண்டி என்று அவர் கொடுத்திருந்த அறிவிப்பு, பெயர் மாறியதும் செல்லாது. புதுப் பெயரில் மறுபடி கொடுக்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய கார் என்பதால் வருஷ எம்ஓடி தேவையில்லை, சாலை வரியும் கட்ட வேண்டாம், ஆனால் அந்த விலக்கை விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். அதை வாங்குபவர் பார்த்துக்கொள்வார். பரம்பரை வரிக் கணக்கில் அப்பா இறந்த நாளின் சந்தை மதிப்பைத்தான் காட்ட வேண்டும், ஆகவே வழக்கறிஞரிடம் காரை மறக்காமல் சொல்லுங்கள். சொத்து அம்மாவுக்குப் போகிறதென்றால் பொதுவாக அந்த வரி வராது. தனிப்பட்ட கார் விற்ற லாபத்துக்கு இங்கே மூலதன ஆதாய வரியும் கிடையாது. விற்க யாருக்கு உரிமை என்பதற்கு உயிலின் நகல் போன்ற ஆதாரத்தைக் கேட்பார்கள், தயாராக வையுங்கள். அவசரமான காகிதம் ஒன்றே ஒன்று: காப்பீடு. வீட்டுக் காப்பீட்டில் பொதுவாகக் கார் சேராது. நிறுத்தி வைத்த காருக்கென்றே தீயும் திருட்டும் மட்டும் அடங்கிய மலிவான காப்பீடு உண்டு. ஒரு அன்னியர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அது இல்லாமல் ஒரு இரவுகூட விடக்கூடாது.

லம்போர்கினியே 2015இல் போலோ ஸ்டோரிகோ என்று பழைய கார்களுக்காக ஒரு பிரிவு தொடங்கியது. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் அவர்களிடம் உள்ளன. லம்போர்கினியில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்காது, எந்த இன்ஜின் எந்தக் காரில் போனது என்பதைப் பதிவேடுதான் சொல்லும். பிறந்தபோது இருந்த இன்ஜின்தான் இப்போதும் இருக்கிறது என்று உறுதியானால் விலைக்கு நல்லது. ஆனால் அவர்களின் முழுச் சான்றிதழுக்கு இப்போது பணம் போட வேண்டாம். இரண்டு எண்களையும் தெளிவாகப் படம் எடுத்துக் குறிப்பில் சேர்த்தால் போதும்.

எங்கே விற்பது? ஏலம் என்பேன். பொதுவாக, கைமாற்றிக் கொடுக்கும் வியாபாரியிடம் பொறுமையாக நிறுத்தி வைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அது ஓடுகிற காருக்கு. ஓடாத காருக்கு ஒரே நாளில் இரண்டு கிறுக்கர்கள் மோத வேண்டும், அதற்குத்தான் ஏலம். இரண்டு மூன்று ஏல நிறுவனங்களிடம் அதே அறிக்கையைக் கொடுத்து மதிப்புக் கேளுங்கள். அதிக மதிப்புச் சொன்னவரிடம் ஓடாதீர்கள். காரைப் பிடிப்பதற்காக உயர்த்திச் சொல்லிவிட்டு, ஏலத்துக்கு முந்தின வாரம் "சந்தை மந்தம், குறைந்தபட்ச விலையை இறக்குங்கள்" என்று போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் பிடிக்கும் கமிஷன், படம் எடுக்கும் கட்டணம், கொண்டுபோகும் செலவு, விற்காவிட்டால் என்ன கட்டணம் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் தன் பங்குக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் கட்டுவார். ஆகவே அவர் மனத்தில் ஒரு தொகை இருந்தால், அதைக் கழித்துத்தான் கை தூக்குவார். குறைந்தபட்ச விலையைத் தாழ்வாக வையுங்கள். உயரமான குறைந்தபட்ச விலை கூட்டத்தை உட்கார வைத்துவிடும்; ஒரு தடவை விற்காமல் திரும்பிய காரை அடுத்த தடவை எல்லாரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

நான் தொகை எதுவும் எழுதவில்லை என்று பார்த்திருப்பீர்கள். நாலு படத்தை வைத்து விலை சொன்னால் நானும் அந்த ரொக்கக்காரரும் ஒன்றுதான். அவரைத் திட்டவும் வேண்டாம். நம்பரை வாங்கி வைத்து, ஏலத் தேதி முடிவானதும் செய்தி அனுப்புங்கள். நிஜமாகவே வேண்டும் என்றால் வருவார்.

கராஜிலிருந்து எடுக்கும் நாள் மட்டும் நீங்கள் யாராவது கூடவே நில்லுங்கள். பிரேக் பிடித்த காரைச் சங்கிலி போட்டு இழுத்தால் சக்கரம் உருளாது, தேயும். துருவேறிய இடத்தில் கொக்கி மாட்டினால் அது கையோடு வரும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைப் பலகைகளோடு வருகிறவரை மட்டும் அழையுங்கள்.

விளம்பரக் குறிப்பில் "சின்ன வேலைதான்", "பேட்டரி போட்டால் ஓடும்" என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. பார்த்தது பார்த்தபடி விற்கிறோம் என்று கீழே போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். தனியார் விற்பனையிலும் தவறாக விவரித்தால் சட்டம் கேள்வி கேட்கும்.

அந்தக் குறிப்பைத் தம்பியே எழுதட்டும். சின்ன வயதில் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து எங்கெல்லாம் போனீர்கள், அப்பா எந்தப் பட்டறையில் விடுவார், கிளட்ச் எப்போது மிதிக்கக் கனத்தது என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும். ஏல நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவரால் அதை எழுத முடியாது. கார் மேல் ஆசைப்பட்டுத்தானே பேட்டரி வாங்கினார், கைக்கு ஒரு வேலையும் ஆயிற்று. எழுதியதை அறிக்கையோடு எனக்கு அனுப்புங்கள், ஏலத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன்.